வலைக்கும் உலைக்கும் நடுவே

கடலுணவை வல்ல இறைவன் நமக்கு ஆகுமாக்கியிருப்பதைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. எனினும், ஆகுமானதையும் ஆராய்ந்தே உண்டவர்கள் நம் முன்னோர். அபூ உபைதா (ரலி) அவர்கள் தலைமையில் சென்ற முந்நூறு பேர், கைவசமிருந்த பேரீச்சம்பழம் தீர்ந்து வாடியபோது, 'அம்பர்' என்னும் பெருமீன் கரையொதுங்கிக் கிடக்கக் கண்டனர். தானாகச் செத்ததாயிற்றே என்று தலைவர் முதலில் தயங்கினார். பின்னர் நிலைமையை எண்ணி அனுமதித்தார். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்று, எஞ்சியதைத் தாமும் உண்டார்கள்.

ராயபுரத்தை அடுத்த காசிமேட்டிலும் மீன் வாங்குதல் ஆராய்ச்சியே. ஷாஃபிஈ வழியினர் கடல்வாழ் உயிர்களிற் பெரும்பாலானவற்றை ஆகுமென்பர். ஹனஃபி வழியினர் மீனை மட்டுமே ஏற்பர். இறால் மீனா, அன்றா என்பதில் ஹனஃபி அறிஞர்களே இரு கருத்தினர். ஆதலின், ஒரே கூடையின் முன் நிற்கும் இரு முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று கணவாயை வாங்க, மற்றொன்று சங்கராவோடு திரும்புவதுண்டு.

சட்டமும் விலையும் தீர்மானித்து வந்த இத்தெரிவில், இந்நூற்றாண்டில் அச்சமும் புகுந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், மாண்டோர் உடலை மீன்கள் தின்றிருக்கும் என்ற பேச்சு பரவி, மீனை வாங்குவாரில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் திரண்ட கசடை மக்கள் வாளிகளால் அள்ளினர். 2018-இல் பிணத்தைப் பாடம் செய்யும் பார்மலின் மீனில் கலப்பதாகச் செய்தி எழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவி, மீனவரின் வலையும் படகும் கறுத்தன.

இந்நான்கு அச்சங்களும் ஒரு தன்மையன அல்ல. முதலாவது வதந்தி, அதன் சுமை, வீடும் படகும் இழந்து நின்ற மீனவர் தலையிலேயே விழுந்தது. இறுதியானதோ கண்கூடான கேடு. அப்போதும் கழிமுகத்து மடவை வேறு. ஆழ்கடலில் நாட்கணக்கில் தங்கி விசைப்படகினர் கொணரும் வஞ்சிரம் வேறு. இரண்டையும் ஒன்றாக ஒதுக்குவது நீதியாகாது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்னும் திருமறையின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயக் கட்டளை மீன் சந்தைக்கும் உரியதே.

செவுளின் சிவப்பு, கண்ணின் தெளிவு, அழுத்தினால் குழி விழாத தசை ஆகியவை நம் பெண்கள் வழிவழியாக அறிந்த சோதனைகள். பார்மலினோ பழைய மீனுக்கும் விறைப்பைத் தந்து இச்சோதனையை ஏமாற்றும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, ஏமாற்றும் வணிகரை நபி (ஸல்) அவர்கள் கடிந்துரைத்தது இங்கு நினைவுகூரத்தக்கது. அங்காடியில் அவ்வாறு கைவிட்டுப் பார்க்கும் கடமை இன்று அரசின் ஆய்வாளருக்கு உரியது; அதனைக் கேட்டுப் பெறும் கடமை நமக்குரியது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடையுள்ள 61 நாட்களில், வெளியூர் மீன் எங்கிருந்து, எத்தனை நாளில் வந்தது என்று வினவுவோம். ஆகுமானதாக மட்டுமன்றித் தூயதாகவும் உண்ணுமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். விசாரித்து வாங்குவோமாயின், நம் உடல்நலமும் காக்கப்படும். கடலை நம்பி வாழ்வோரின் அடுப்பும் அணையாது.