வடம் விழுங்கும் அலை

1982இல் இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபின், தென்மாவட்டத்து மொட்டைமாடிகளில் நெடிய இரும்புக் குழாய்கள் முளைத்தன. உச்சியிலிருந்த ஆன்டெனாவிலிருந்து தட்டையான இரட்டைக் கம்பி கீழே இறங்கும். மேலே ஒருவர் திருப்ப, வீட்டுக்குள்ளிருந்து "தெரியுது, தெரியுது" என்று குரல் வரும். கோவில்பட்டிக் கரிசலில் அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெறுபவருக்குத் திரையே சாட்சி. அலையை அனுப்பும் ஹாம் வானொலியாளருக்கு அப்படியொரு சாட்சி இல்லை. அவர் நம்புவது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை. ஆன்டெனா ஏற்காமல் திருப்பியனுப்பும் அலை எவ்வளவு என்பதை வைத்து அது எண் சொல்லும். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை.

கோஆக்சியல் கேபிளுக்கு ஆலிவர் ஹெவிசைட் காப்புரிமை பெற்றது 1880இல். இரண்டாம் உலகப்போரில் அது பெருமளவில் உற்பத்தியாகி, போருக்குப்பின் மிச்சச் சரக்காக ஹாம்களை அடைந்தது. (அந்த மலிவுச் சரக்கு இல்லையென்றால் இரட்டைக் கம்பியை அவர்கள் அவ்வளவு எளிதில் விட்டிருக்கமாட்டார்கள் என்பது நம் எண்ணம்.) 1959இல் வாரன் புரூனி, போகும் அலையையும் திரும்பும் அலையையும் பிரித்தளக்கும் மீட்டரை அமெரிக்காவின் கியூ.எஸ்.டி. இதழில் விளக்கினார். பிறகு குறைந்த எண்ணே பக்திக்குரியதாயிற்று. 1973இல் அதே இதழில் தொடர் எழுதத் தொடங்கிய வால்டர் மேக்ஸ்வெல் அந்தப் பக்தியைத்தான் கேள்வி கேட்டார்.

கணக்கைப் பார்ப்போம். 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்.ஜி. 58 கேபிள் சுமார் 6 டெசிபல் தின்றுவிடும். உச்சியை அடைவது கால்பங்கு சக்தி. அங்கே ஆன்டெனாவையே கழற்றிவிட்டோமென்றால், வந்தது முழுவதும் திரும்பும். திரும்பும் வழியிலும் முக்கால்பங்கு கரையும். மீட்டருக்கு வந்துசேர்வது பதினாறில் ஒரு பங்கு. அது காட்டும் எண் 1.7! ஆன்டெனாவே இல்லாத கம்பத்துக்கு நற்சான்றிதழ். 7 மெகாஹெர்ட்ஸில் அதே கேபிளின் இழப்பு ஒரு டெசிபல் சொச்சம்தான் என்பதால், அங்கே மீட்டர் ஒளிக்காமல் அலறிவிடும்.

கரிசல் வெயிலில் கேபிளின் மேலுறை வெடிக்கும். ஐப்பசி மழை உள்ளே இறங்கி உலோக வலையை அரிக்கும். இழப்பு கூடக்கூட எண் குறைந்துகொண்டே வரும். ஆண்டுக்காண்டு 'மேம்படும்' நிலையத்தை நாம் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

சோதிக்க ஓர் ஆள் மேலே ஏறி ஆன்டெனாவைக் கழற்ற, இன்னொருவர் கீழே மிகக் குறைந்த சக்தியில் ஒரு நொடி மட்டும் அனுப்பி, மீட்டர் என்ன காட்டுகிறதென்று குரல்கொடுத்தால் போதும்.