துணி மூட்டையும் பேனாவும்



1920ஆம் ஆண்டையொட்டிய காலம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குள் துரைமாரின் அனுமதியின்றி வெளியார் நுழைய முடியாது. தஞ்சையிலிருந்து சென்ற பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் துணி வியாபாரியைப்போல் உள்ளே போனார். லயங்களில் நம்மவர் பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்டார், பிறகே எழுதினார். 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார். 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார்.

கேள்விப்பட்டதெல்லாம் செய்தியாகாது, நேரில் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து எழுதுவதே செய்தி. இன்னொன்றும் உண்டு. எழுதியவர் போய்விடுவார், சொன்னவரோ அதே லயத்தில் இருப்பார். அவருடைய வேலையும் வீடும் முதலாளி கையில். ஆகவே, சொன்னவர் பெயரைக் காப்பது எழுதுவோரின் கடமை.

தோட்டத்திலோ பாயான் பாருவிலோ, நாளை பேனா பிடிக்கும் நம் பிள்ளைகள் இதை மறவாதிருக்கட்டும்.