குரங்கு மனிதனும் கரண்ட் கட்டும்

2001 மே மாசம் டெல்லியை ஆட்டி வைத்த 'காலா பந்தர்' ஞாபகம் இருக்கா மக்களே? ராத்திரியில் வந்து பிறாண்டிவிட்டு ஓடும் கருங்குரங்கு. தலையில் ஹெல்மெட், கையில் இரும்பு நகம், சிவப்பாக எரியும் கண்ணு என்று ஆளாளுக்கு ஒரு வர்ணனை. போலீஸ் 50,000 ரூபாய் பரிசு அறிவித்தது. "வந்துடுச்சு"ன்னு கத்தல் கேட்டு, பயத்தில் மாடியிலிருந்து விழுந்து செத்தவர்களும் உண்டு. கடைசியில் மனநல, தடயவியல் நிபுணர்கள் ஆராய்ந்து, அப்படி ஒரு பிராணியே இல்லை என்றார்கள்.

பொட்டி தட்டுறவன் புத்தி எனக்கு. பிழைன்னா அது எங்கே, எப்போ வருதுன்னுதான் முதலில் பார்ப்பேன். இது கிளம்பியது காசியாபாத்தில். அதிகம் பரவியது கிழக்கு டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில். கோடை வெயில், மணிக்கணக்கில் மின்வெட்டு, புழுக்கம் தாங்காமல் குடும்பத்தோடு மொட்டை மாடியில் படுக்கை. அந்தக் கும்மிருட்டில் எலி கடித்தாலும் குரங்குதான்! அடுத்த வருஷமே (2002) கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் 'முஹ்நோச்வா', அதாவது முகத்தைப் பிறாண்டுவது. அங்கேயும் அதே கோடை, அதே இருட்டு.

ஏ.சி. ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவனுக்கு இதெல்லாம் ஜோக். வெட்டவெளியில் படுத்தவனுக்கோ, நமக்கு ஒண்ணுன்னா கேட்க நாதியில்லை என்ற நிஜமான பயம். அதை அப்படியே சொல்லியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்? குரங்கு என்றதும் போலீஸ் ஜீப் தெருவுக்கே வந்தது பாருங்க!