பாண்டிச்சேரி பாலமும் காணாமல் போன மணலும்

மதுரைக்காரர்களுக்குக் கடல் என்றால் முதலில் ராமேஸ்வரம்தான். கொஞ்சம் கூடுதலாகக் காசு சேர்ந்து கல்லூரி டூர் என்று கிளம்பினால் பாண்டிச்சேரி! மாட்டுத்தாவணியில் இரவு பஸ் ஏறினால் விடிந்த கொஞ்ச நேரத்தில் கடற்கரைச் சாலையில் நிற்கலாம். காந்தி சிலை முன்னால் ஒரு குரூப் போட்டோ, பழைய கலங்கரை விளக்கத்தின் முன்னால் ஒன்று, கருங்கற்களின் மேல் உட்கார்ந்து ஒன்று. மாலை 6 மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. அதனால் ஊரே இறங்கி நடக்கும். சுண்டல், ஐஸ்கிரீம், பலூன், குழந்தைகள் சத்தம்... திருவிழாதான்!

ஆனால் போய்விட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள். "பீச் என்கிறார்கள், மணலை எங்கே?" சாலை ஓரம் முழுக்கக் கருங்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் அலை. மெரினா மாதிரி ஓடி விளையாட இடமே இல்லை. 'ராக் பீச்' என்று ஒரு பெயர் வைத்துவிட்டதால் அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அது தவறு. அங்கே மணல் இருந்தது. அந்த மணல் போன கதையைத் தெரிந்துகொள்ள, கடலுக்குள் நீண்டு நின்ற ஒரு பாலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கப்பல் வரும், கரைக்கு வராது

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னையானாலும் புதுச்சேரியானாலும் நேரான மணல் கரை, கரையோரம் ஆழமில்லாத கடல், விடாமல் உடையும் அலை. பெரிய கப்பல்கள் வெகு தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளும் சரக்கும் கரைக்கு வர வேண்டுமானால் உள்ளூர் மீனவர்கள்தான் கதி.

அவர்களிடம் இரண்டு வகைக் கலங்கள் இருந்தன. ஒன்று கட்டுமரம். இன்னொன்று சலங்கு, சென்னையில் மசூலாப் படகு என்பார்கள். இந்தப் படகில் ஆணி கிடையாது! பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் தூக்கி மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். ஐரோப்பியக் கப்பல்களின் படகுகள் தோற்ற இடத்தில் நம்மூர் நார்ப் படகு ஜெயித்தது.

புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு கொண்டு வந்தது என்று அதில் திரும்பத் திரும்ப வரும். கப்பல் வந்தால்தான் அந்த ஊருக்குக் காசு. அந்தக் காசு கடைசியில் ஒரு தைத்த படகில் ஏறித்தான் கரைக்கு வந்தது.

1866: பாலம் வந்தது

படகில் சரக்கு இறக்குவதில் நனைவதும் கவிழ்வதும் உண்டு. நேரமும் வீண். அதற்கு 19ஆம் நூற்றாண்டு கண்டுபிடித்த வழி இரும்புக் கால் பாலம். அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கடலுக்குள் நீளமாகப் பாலம் கட்டிவிட்டால் படகுகள் அதன் நுனியிலேயே சரக்கை ஏற்றி இறக்கலாம் அல்லவா? சென்னையில் அப்படி ஒரு பாலம் 1861ல் தயாரானது. புதுச்சேரிப் பாலம் 1866ல் வந்தது.

அதே 1866ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 'வெஸ்ட் பியர்' என்ற புகழ்பெற்ற கடல் பாலமும் திறக்கப்பட்டது. அது காற்று வாங்கவும் பொழுதுபோக்கவும் கட்டியது. நம் பாலம் வேலைக்காகக் கட்டியது. நீலச் சாயத் துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை புதுச்சேரியிலிருந்து போனது. நிலக்கடலை பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே எண்ணெயும் சோப்பும் ஆனது. 1879ல் விழுப்புரத்திலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்ததும் சுற்று வட்டாரத்துச் சரக்கு இன்னும் சுலபமாகக் கடற்கரைக்கு வந்தது.

சரக்கு மட்டுமா போனது? மனிதர்களும் போனார்கள். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் புதுச்சேரி, காரைக்கால் கரைகளிலிருந்து கப்பல் ஏறினார்கள். 1853லேயே மார்த்தினிக்குக்கு முதல் கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்கலாம் என்று 1861ல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. போனவர்களில் பெரும்பாலோர் இந்தக் கரையைத் திரும்பப் பார்க்கவில்லை. இன்று சுண்டல் சாப்பிட்டபடி நாம் பார்க்கும் கடல், அவர்கள் கடைசியாகப் பார்த்த ஊர்க் கடல்.

அந்தப் பழைய பாலம் 1952 புயலில் அழிந்தது. காந்தி சிலைப் பக்கம் கடலுக்குள் அதன் கால்களின் மிச்சத்தை ரொம்ப நாள் பார்க்க முடிந்தது.

இரண்டாவது பாலம்

1954 நவம்பர் 1ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956ல் தெற்கே கொஞ்சம் தள்ளி, வம்பாகீரப்பாளையம் பக்கத்தில் புதிய துறைமுகப் பாலம் கட்டத் தொடங்கினார்கள். 1962ல் வேலை முடிந்தது. சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு இணைந்ததும் அதே 1962ல்தான் (ஆகஸ்ட் 16).

ஆனால் காலம் மாறிவிட்டது. பெரிய கப்பல்களுக்குப் பக்கத்திலேயே சென்னைத் துறைமுகம் இருந்தது. தனி நாட்டுத் துறைமுகம் என்ற பழைய வியாபார வசதியும் இப்போது இல்லை. பாலத்துக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அது சினிமா ஷூட்டிங்குக்கும் போட்டோவுக்குமான இடம் ஆனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டு பாலங்களும் கால் ஊன்றி நின்றவை. கால்களுக்கு நடுவே தண்ணீர் போனது. தண்ணீரோடு மணலும் போனது. அதுதான் முக்கியம்!

கடலுக்குள் ஒரு வாய்க்கால்

மேலூர்ப் பக்கம் விவசாயிகளைக் கேட்டால் கடைமடை என்றால் என்னவென்று சொல்வார்கள். மேலே ஒருவர் வாய்க்காலை அடைத்தால் கீழே இருப்பவர் வயல் காயும். தண்ணீர் மேலேயே நின்றுவிடும். மேல்மடைக்காரருக்கு லாபம், கடைமடைக்காரருக்கு நஷ்டம்.

கடலோரத்திலும் இப்படி ஒரு வாய்க்கால் உண்டு. அதில் ஓடுவது மணல். வருடத்தில் சுமார் எட்டு மாதம் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் அடிக்கும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் திசை மாறும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருடத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. ஒரு கடற்கரையில் மணல் இருக்கிறது என்றால் அது நிலையாகக் கிடக்கும் மணல் இல்லை. போகிற மணலுக்குப் பதில் தெற்கிலிருந்து மணல் வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை கடற்கரையும் இருக்கும்.

இந்த வாய்க்காலை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. இரும்புப் பாலம் 1872 புயலில் சேதமானது. 1876ல் கடலுக்குள் கல் சுவர்கள் எழுப்பித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் மோதி அங்கேயே நின்றது. கரை அகலமானது. 1884ல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். நாம் பெருமையாகச் சொல்லும் அவ்வளவு அகலமான மணல் பரப்பு துறைமுகச் சுவர் கொடுத்த பரிசு!

பரிசுக்கு யார் விலை கொடுத்தார்கள்? துறைமுகத்துக்கு வடக்கே இருந்த ராயபுரம், காசிமேடு. அங்கே கரை அரித்துக்கொண்டே போனது. கடலுக்கு எதிராகக் கல் கொட்ட வேண்டியதாயிற்று.

அதே தவறு, நூறு வருடம் கழித்து

சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். இந்தப் பாடம் அந்த தூரத்தைக் கடக்கவில்லை. 1986 முதல் 1989 வரை, ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் போட்டுப் புதிய துறைமுகம் கட்டினார்கள். நிற்கிற மணலை அள்ளி வடக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது. அது ஒழுங்காகத் தொடர்ந்து நடக்கவில்லை.

விளைவு, சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை சில வருடங்களிலேயே கரைந்தது. சாலையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது, ஆனால் அது அடுத்த ஊருக்கு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அதைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையில் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வரிசையாக மீனவர் கிராமங்கள் கரையை இழந்தன. சர்ஃபிங் செய்ய வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்த 'செரினிட்டி' கடற்கரையும் தந்திராயன்குப்பத்துக் கரைதான். அதுவும் தப்பவில்லை.

டூர் போகிறவர்களுக்கு மணல் இல்லையென்றால் போட்டோ அழகாக வராது, அவ்வளவுதான். மீனவருக்கு மணல் என்பது படகை ஏற்றி வைக்கும் இடம், வலை காய வைக்கும் இடம், மீன் ஏலம் போடும் இடம், புயல் வந்தால் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் பாதுகாப்பு. கருங்கல்லின் மேல் எந்தப் படகை ஏற்ற முடியும்?

வணிகவியலில் முதல் வகுப்பிலேயே வரும் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. துறைமுகத்தின் செலவு என்று சிமெண்ட்டும் கல்லும் கூலியும் எழுதப்பட்டன. வடக்கே போன கடற்கரை அந்தச் செலவில் சேரவே இல்லை. அதை எழுதியிருந்தால் திட்டத்தின் கூட்டுத்தொகையே வேறாக வந்திருக்கும். கணக்கில் எழுதாததால் செலவு இல்லாமல் போய்விடாது. வேறொருவர் அதைக் கட்டுவார். இங்கே கட்டியது குப்பத்து மக்கள்.

மணல் திரும்பியது, பாலம் விழுந்தது

2018ல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் தடுப்பை அமைத்தது. அலையின் வேகம் அங்கே குறைந்தது. 2019ல் பல வருடங்களுக்குப் பிறகு நகரத்தின் கரையில் மணல் தெரிந்தது. அப்பா அம்மா சிறு வயதில் விளையாடிய மணல் என்று கதையாக மட்டும் கேட்டிருந்த பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடினார்கள். முழுக் கடற்கரையும் இல்லை, ஒரு பகுதிதான். ஆனாலும் போன மணலைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று அது காட்டியது.

பாலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2004 சுனாமியைத் தாங்கியது. 2011 தானே புயலைத் தாங்கியது. 2022 மார்ச் 6 அன்று, வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு கடலைக் கொந்தளிக்க வைத்தபோது நடுப்பகுதி இடிந்து விழுந்தது. பிரைட்டனின் பாலமும் 1975ல் மூடப்பட்டு 2003ல் தீயில் எரிந்து எலும்புக்கூடாகத்தான் நின்றது. கடல் பாலங்களின் விதி போலும்!

பாலம் விழுந்த அன்று படங்கள் எல்லா இடத்திலும் பரவின. வருத்தப்படாதவர்கள் இல்லை. நியாயம்தான். ஆனால் பாலம் ஒரே நாளில் விழுந்தது, அதனால் எல்லோரும் பார்த்தார்கள். மணல் முப்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதைக் குப்பத்துக்காரர்கள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த டூரில் அந்தக் கருங்கல் மேல் உட்கார்ந்து போட்டோ எடுக்கும்போது கொஞ்சம் வடக்கே திரும்பிப் பாருங்கள் நண்பர்களே. கடைமடை அந்தப் பக்கம்தான் இருக்கிறது.