எந்த மருந்து? இலங்கை போட்ட இரண்டு தடைகளின் கதை

இழை கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கேஷுவாலிட்டில ராத்திரி டூட்டி பார்த்த எல்லா டாக்டருக்கும் இந்த வரி பழக்கம்: "சார், மருந்து குடிச்சிட்டாருங்க." வயலுக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லிக்கு நம்ம ஊர்ல பேரே மருந்துதான். நாங்க திருப்பிக் கேக்குற முதல் கேள்வி, "எந்த மருந்து? டப்பா இருக்கா?"

ஏன்னா சிலதுக்கு அட்ரோபின் இருக்கு. சிலதுக்கு முறிவு மருந்தே கிடையாது. எல்லாத்தையும் "கெமிக்கல்"னு ஒரே பேர்ல சொன்னா வைத்தியம் பண்ண முடியாது.

"இயற்கை விவசாயம் நல்லதா டாக்டர்? கெமிக்கல் எல்லாத்தையும் தடை பண்ணிடலாமே?"னு அடிக்கடி கேக்குறீங்க. இதை நிஜமாவே செஞ்சு பார்த்த நாடு பக்கத்துலயே இருக்கு. இலங்கை. அதுவும் ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. ஆனா நமக்கு ரெண்டாவது மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

முதல் கதை. 1995 வாக்குல உலகத்துலயே அதிகமா தற்கொலை நடந்த நாடுகள்ல இலங்கை ஒண்ணு. லட்சம் பேருக்கு சுமார் 47. பெரும்பாலும் பூச்சிக்கொல்லி. பல வருஷம் யோசிச்சு எடுத்த முடிவுகள் இல்ல இதெல்லாம். வீட்ல ஒரு சண்டை, கடன்காரன் வாசல்ல நின்ன அவமானம், கைக்கு எட்டுற தூரத்துல ஒரு பாட்டில். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிட்டா, பிழைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க மறுபடி அந்தப் பக்கம் போறதில்ல.

அங்க பூச்சிக்கொல்லிகளைப் பதிவு செய்யுற அலுவலகம் ஆஸ்பத்திரிக் கணக்கை எடுத்துப் பார்த்தது. எந்த விஷத்துல வர்றவங்க அதிகமா சாகுறாங்க? அதை மட்டும் நிறுத்து. 1984ல் பாரத்தியான். 1995ல் மோனோகுரோட்டோபாஸ் உட்பட உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியதுன்னு வகைப்படுத்தினதுல மிச்சம் இருந்தவை. 1998ல் எண்டோசல்பான். 2008 முதல் 2011க்குள்ள பாராகுவாட்டும் இன்னும் ரெண்டும். ஒவ்வொண்ணுக்கும் விவசாயி கையில மாற்று இருந்தது.

20 வருஷத்துல தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கிடுச்சு. 1995ல இருந்து 2015 வரைக்கும் காப்பாத்தப்பட்ட உயிர்கள் 93,000னு ஆய்வாளர்கள் மதிப்பிடுறாங்க. நெல் விளைச்சல் குறைஞ்சதான்னும் பார்த்தாங்க. இந்தத் தடைகளால குறையல. ஐசியு கட்டி, வென்டிலேட்டர் வாங்கி, எங்களை மாதிரி ஆயிரம் டாக்டரைப் போட்டாலும் இந்த எண்ணிக்கை வராது. பொறாமையோட சொல்றேன்.

ஒரு ஒப்பீடு. இலங்கை 1995ல் தடை பண்ண அதே மோனோகுரோட்டோபாஸ், 2013ல் பீகார் மாநிலம் சாப்ரா பக்கத்துல ஒரு பள்ளிக்கூட மதிய உணவுல கலந்தது. 23 குழந்தைகள் செத்தாங்க.

இப்போ ரெண்டாவது கதை. இதுக்கு ஆரம்பமும் ஒரு நோய்தான். 1990கள்ல அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் விவசாயிகளுக்கு சிறுநீரகம் செயலிழக்க ஆரம்பிச்சது. சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல, ஆனா கிரியாட்டினின் ஏறிட்டே போகும். காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய்னு பேர் வெச்சாங்க. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, ஃப்ளோரைடு, வெயில்ல உழைச்சு உடம்புல நீர் வத்துறது, பூச்சிக்கொல்லி, காட்மியம்னு சந்தேகப் பட்டியல் நீளம். எதுவும் முடிவா நிரூபணம் ஆகல. எல் சால்வடார் கரும்புத் தொழிலாளிகளுக்கும், ஆந்திராவில் உத்தானம் பகுதி மக்களுக்கும் இதே மாதிரி நோய் உண்டு.

மருத்துவத்துல "தெரியல"ன்னு சொல்றது கஷ்டம். அரசியல்ல அதைவிடக் கஷ்டம். 2015ல் கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தடை பண்ணாங்க. 2018ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் திருப்பி அனுமதிச்சாங்க. அடுத்து வந்த கோத்தபய ராஜபக்ச, பத்து வருஷத்துல நாட்டையே சேதனப் பசளைக்கு மாத்துறதா 2019 தேர்தல்ல வாக்குறுதி கொடுத்தார். (உரத்துக்கு அங்க பசளைன்னு பேர். இயற்கை உரம்னா சேதனப் பசளை. அழகான சொல்.)

பத்து வருஷம்னது பத்து நாள் மாதிரி ஆயிடுச்சு. 2021 மே மாசம் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எல்லாத்துக்கும் ஒரே வர்த்தமானி அறிவிப்புல இறக்குமதித் தடை. சொன்ன காரணம் சிறுநீரக நோயும் மக்கள் ஆரோக்கியமும். சொல்லாம விட்டது, கொரோனாவுல சுற்றுலா படுத்து கஜானாவுல டாலர் காலி.

இங்க ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோ யூரியா மூட்டையில 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 23 கிலோ. நம்ம தொழு உரத்துல சுமார் அரை சதவீதம்தான். அதே 23 கிலோ வேணும்னா 4,600 கிலோ தொழு உரம் வேணும். அதுவும் மெதுவாத்தான் பயிருக்குக் கிடைக்கும். ஒரு நாடு முழுக்க இதை ஒரே போகத்துல எந்த மாடு போடும்?

சீனாவுல இருந்து கப்பல்ல சேதனப் பசளை வந்தது. சோதிச்சா அதுல பயிருக்கு நோய் கொடுக்கிற பாக்டீரியா இருக்குன்னு சொல்லி இறக்க விடல. அந்தப் பசளை நிலத்துக்கு வரவே இல்ல, ஆனா 67 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாப் போச்சு. அக்டோபர்ல இந்தியாவுல இருந்து நானோ யூரியா விமானத்துல பறந்தது. நவம்பர்ல தடை வாபஸ். அதுக்குள்ள பெரும்போக நடவு ஆரம்பிச்சாச்சு.

அந்தப் பெரும்போகத்துல நெல் விளைச்சல் முந்தைய வருஷத்தைவிட மூணுல ஒரு பங்குக்கு மேல விழுந்தது. அரிசியில தன்னிறைவா இருந்த நாடு இந்தியாகிட்ட அரிசி வாங்குச்சு. தேயிலை 2021ல் சுமார் 30 கோடி கிலோ, 2022ல் சுமார் 25 கோடி. இதுல கொழுந்து பறிக்கிற மலையகத் தமிழர்களைத்தான் நினைச்சுக்கிறேன். செடியில கொழுந்து இல்லன்னா தராசுல எடை ஏறாது. நாட்டோட மொத்த வீழ்ச்சிக்கு உரத் தடை மட்டும் காரணம் இல்ல, வரிக் குறைப்பும் கடனும் இருந்தது. ஆனா சோத்துத் தட்டுல அடிச்சது இது. 2022 ஏப்ரல்ல அந்த முடிவு தப்புன்னு அதிபரே ஒத்துக்கிட்டார்.

இயற்கை விவசாயத்துக்கு எதிரா இதை எழுதல. மட்கும் தழையும் போட்டா மண் பொலபொலன்னு ஆகும், தண்ணியைப் பிடிச்சு வைக்கும், மருந்து அடிக்கிறவர் மூச்சுல விஷம் ஏறாது. நிஜமான நன்மைகள். விளைச்சல் சராசரியா 20, 25 சதவீதம் குறையும்ங்கிறதும் நிஜம். பயிறு வகையில குறைவு கம்மி, தானியத்துல அதிகம். மண் மாற சில வருஷம் ஆகும், அந்த வருஷங்களோட நஷ்டத்தை யார் தாங்குறதுங்கிறதுதான் கேள்வி. 2021ல் அதை விவசாயி தலையில வெச்சாங்க.

சிறுநீரக நோய்? தடை போட்ட ஆறு மாசத்துல அதைப் பத்தி ஒரு புது விஷயமும் தெரிய வரல. அனுராதபுரத்துல டயாலிசிஸ் இன்னிக்கும் நடக்குது.

கடைசியா, டூட்டி டாக்டரா ஒரு வேண்டுகோள். மருந்து பாட்டிலை வீட்டுக்குள்ள வெக்காதீங்க, பூட்டி வைங்க. யாராவது குடிச்சுட்டா உப்புத்தண்ணி, சோப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே பக்கத்து ஜிஎச் கூட்டிட்டு வாங்க, டப்பாவையும் கையோட எடுத்துட்டு வாங்க. மனசு தாங்கலன்னா 104 அல்லது 14416, எந்த நேரமும் கூப்பிடலாம்.