மடிக்கணினி நினைவகத்தின் வளர்ச்சியும் சப்ரகமுவ தோட்டங்களும்

தொஷிபா நிறுவனம் 1985இல் வெளியிட்ட டி1100 மடிக்கணினியில் 256 கிலோபைட் நினைவகம் இருந்தது. 2024இல் மைக்ரோசொஃப்ட் தன் ‘கோபைலட் பிளஸ்’ வகைக் கணினிகளுக்கு விதித்த குறைந்தபட்ச அளவு 16 கிகாபைட். 39 ஆண்டுகளில் 65,536 மடங்கு. இந்த ஏற்றத்தைத் தீர்மானித்தவர் யார், இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்திலுள்ள இறக்குவானை, பெல்மதுளை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதித் தோட்டக் குடும்பங்களிடம் அது எந்த வடிவில் வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலாவது கேள்விக்கு விடை எளிது: பயன்படுத்துவோர் அல்லர். ஐ.பி.எம். 1992இல் விற்ற திங்க்பேட் 700சி 4 மெகாபைட்டுடன் வந்தது. 2001இல் வின்டோஸ் எக்ஸ்பி குறைந்தது 64 மெகாபைட் கேட்டது. 2007இல் விஸ்டா 512 கேட்டது. ஆறே ஆண்டில் எட்டு மடங்கு. அதன்பின் ஒரு விநோதம். 64 பிட் வின்டோஸ் 7க்கு 2009இல் சொல்லப்பட்ட 2 கிகாபைட்தான் 2015இல் வந்த வின்டோஸ் 10க்கும் சொல்லப்பட்டது. பெட்டியில் அச்சிட்ட எண் அசையவில்லை. ஆனால் நினைவகத்தைத் தின்னும் வேலையை இணைய உலாவி எடுத்துக்கொண்டது. 2008இல் வந்த குரோம் திறந்த பக்கங்களைத் தனித்தனி இயக்கங்களாகப் பிரித்து நடத்தியது. ஒரு பக்கம் முடங்கினாலும் மற்றவை பிழைக்கும். அதற்கு விலையாக நினைவகம் போகும். எழுத்துக்கு இவ்வளவு தேவையே இல்லை. யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட். பழைய டி1100இன் 256 கிலோபைட்டில் ஒரு குறுநாவலே அடங்கிவிடும்.

தோட்டப் பகுதிகளுக்குக் கணினி தாமதமாகவே வந்தது. 2005இலிருந்து அரசு கிராமப்புறங்களில் திறந்த ‘நெனசல’ அறிவகங்களில் இருந்தவை பொதுப் பயன்பாட்டுக் கணினிகள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து வெளியிடும் கணினி அறிவுக் கணக்குகளில் தோட்டத் துறை தொடர்ந்து கடைசியில் நிற்கிறது. வீட்டுக்கென ஒரு மடிக்கணினி வருவதென்றால் அது பெரும்பாலும் பாவித்ததாகவே இருக்கும்.

இந்தப் பாவித்த கணினியில் ஒரு வசதி இருந்தது. அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் சிறு நினைவகப் பலகை தெரியும். இருபுறக் கொக்கிகளையும் விலக்கினால் சரிந்து மேலெழும். புதியதைச் சாய்த்துச் செருகி அழுத்தினால் ‘டக்’ என்று அமரும். டிடிஆர்3 என்றால் 204 முனைகள், டிடிஆர்4 என்றால் 260. வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் குழியில் மற்றது நுழையாது. 4 கிகாபைட்டுடன் வாங்கிய பழைய இயந்திரம் இப்படித்தான் 8 ஆகும். புதிய தராதரத்தைப் பின்னால் ஓடியாவது பிடிக்க ஏழை வீட்டுக்கு இருந்த வழி இதுவே.

அந்த வழியின் அருமை 2020இல் தெரிந்தது. மார்ச்சில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட, பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் படித்த தோட்டத்து மாணவர்களும் லயத்து வீடுகளிலிருந்து சூம் வகுப்புகளில் சேர வேண்டியதாயிற்று. நினைவகம் நிரம்பியதும் கணினி மிச்சத்தை வன்தட்டுக்குத் தள்ளும். வன்தட்டோ பன்மடங்கு மந்தம். விளக்கு விடாமல் மினுங்கும், விரிவுரையாளரின் குரல் அறுந்து அறுந்து வரும். சமிக்ஞைக்கு விழுந்த பழியில் ஒரு பங்கு நினைவகத்துக்கும் உரியது.

2022இல் ரூபாய் சரிந்தது. டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. 500 டொலர் பெறுமதியான மடிக்கணினி, தோட்டத் தொழிலாளருக்கு 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாய் நாட்சம்பளத்தில் 100 நாள் உழைப்பிலிருந்து 180 நாள் உழைப்பானது. அரைப்பேர் போட்டால், அதாவது அரைநாள் சம்பளமே தந்தால், கணக்கு இன்னும் நீளும்.

இதைவிடப் பாதகமான மாற்றம் கணினிக்குள்ளேயே நடந்தது. 2008இன் மெக்புக் எயார் 2 கிகாபைட்டைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து வந்தது. மெல்லிய உடல், குறைந்த மின்செலவு என்ற காரணங்களால் மற்ற நிறுவனங்களும் அந்தப் பாதையில் சென்றன. இவ்வகைக் குறைமின் நினைவகம் செயலிக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்ற தொழில்நுட்ப நியாயமும் உண்டு. கழற்றி மாற்றக்கூடிய கேம்2 தரத்தை ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில்தான் வெளியிட்டது. அப்பிள் தன் எயார் கணினிகளின் தொடக்க அளவை 16 ஆக்கியது 2024 அக்டோபரில். அதுவரை 8 கிகாபைட்டுடன் விற்றவை இனிப் பாவித்த சந்தைக்கு வரும்; அவை என்றும் 8தான். ஆகவே தோட்டத்து வாங்குநரைப் பொறுத்தவரை, 8 கிகாபைட் 16 ஆனதைவிட, செருகுகுழி இல்லாமற்போனதே இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் என்பது என் முடிவு.

விலை இறங்கும் என்று காத்திருப்பதும் இப்போது பயன் தராது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025இன் பிற்பகுதியில் விலைகள் கடுமையாக ஏறின. அந்த டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் ‘குருஷல்’ சில்லறை வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. எனவே பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கும் பெற்றோரும், பாடசாலைகளுக்கு நன்கொடையளிக்கும் சங்கங்களும் கடையில் நிறத்தையும் திரையையும் பார்க்குமுன், நினைவகம் செருகியதா, பற்றவைத்ததா என்று கேளுங்கள். பற்றவைத்தது என்றால் 8 கிகாபைட்டுக்குக் கீழே வாங்காதீர்கள்.