சிந்துவெளி அளவுகோல்கள்

மனிதன் நீளத்தை முதலில் தன் உடலுறுப்புக்களைக் கொண்டே அளந்தான். விரற்கிடை, சாண், முழம் என்னும் பெயர்களே இதற்குச் சான்று. ஆயின், ஒருவன் முழம் மற்றொருவன் முழத்தோடு ஒவ்வாது. இவ்விடரை நீக்க எழுந்ததே சமதூரத்திற் கோடுகள் கீறப்பட்ட அளவுகோல். இன்று பள்ளிச் சிறுவரும் கையாளும் அடிமட்டத்தின் மிகப் பழைய முன்னோடிகளுட் சில, கி.மு. 2600 முதல் 1900 வரை சிறந்து விளங்கிய சிந்துவெளி நகரங்களிற் கிடைத்துள்ளன. அந்நாகரிகத்தின் எழுத்துக்கள் இன்னும் ஐயமற வாசிக்கப்படவில்லை. ஆதலின், அம்மக்கள் கீறிவைத்த அளவுக் கோடுகள் தனிச்சிறப்புடையன.

மொகெஞ்சதாரோவில் 1931 ஆம் ஆண்டு ஏணஸ்ற் மக்கே என்பார் சங்கினாலாய அளவுகோற்றுண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். முறிந்த அத்துண்டின் நீளம் ஏறக்குறைய 66 மில்லிமீற்றரே. அதில் ஒன்பது பிரிவுகள் எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் சராசரி 6.7 மில்லிமீற்றர். பிரிவுகளிடையே காணப்படும் சராசரிப் பிழையோ ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கினும் குறைவு. ஒரு கோட்டின்மேல் வட்டமும், அதிலிருந்து ஐந்து பிரிவு தள்ளிய கோட்டின்மேற் புள்ளியும் இடப்பட்டுள்ளன. ஐந்தைந்தாக எண்ணும் வழக்கு இருந்தமையை இது குறிக்கும். அரப்பாவில் வற்ஸ் நடத்திய அகழ்வில் வெண்கலக் கோற்றுண்டு ஒன்று கிடைத்தது. அதன் பிரிவு 9.3 மில்லிமீற்றர். குஜராத்திலுள்ள லோதலில், 1955 இன் பின் எஸ். ஆர். ராவ் அகழ்ந்தெடுத்த தந்தக் கோலில் 46 மில்லிமீற்றர் நீளத்துள் 27 பிரிவுகள் உள. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.7 மில்லிமீற்றர்.

இவை மூன்றும் ஒரே அளவை முறையினவோ? மொகெஞ்சதாரோப் பிரிவு லோதற் பிரிவின் நான்கு மடங்கிற்கு அணித்தாகும். அரப்பாப் பிரிவோ அதன் ஐந்தரை மடங்காய் நின்று எளிதிற் பொருந்தாதொழிகின்றது. மாறாக, கனசதுர எடைக்கற்கள் நகரந்தோறும் ஒத்துள்ளன. அவற்றுட் சிறியன ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என இரட்டித்துச் செல்கின்றன. செங்கற்களின் உயரம், அகலம், நீளம் என்பனவும் 1:2:4 என்னும் விகிதத்தைப் பெரும்பாலும் தழுவியுள்ளன. எனவே, எடையில் விளங்கும் ஒருமையை நீளத்திற்கும் ஏற்றி, ஒரே அரசாணை நாடெங்கும் நிலவியதெனத் துணிதல் சாலாது. சிந்துவெளி ‘அடி’ 335 மில்லிமீற்றர், அஃதாவது 13.2 அங்குலம், என அறிஞர் சிலர் கூறுவதும் ஐந்து பிரிவின் நீளத்தைப் பத்தாற் பெருக்கிப் பெற்ற ஊகமேயன்றி, முழு அடிக்கோல் எதுவும் கைக்கு வந்ததன்று.

எனினும், கிடைத்த துண்டுகள் உறுதிப்படுத்துவன சிறியனவல்ல. நுண்ணிய கருவி, சமமாய்ப் பகுக்கும் அறிவு, எவர் கையில் இருப்பினும் மாறாத அளவு வேண்டும் என்னும் எண்ணம் ஆகியன நாலாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அங்கு நிலைபெற்றிருந்தன. பழமையிற் பெருமை கொள்வது இயல்பே. ஆயினும், எஞ்சிய கோடுகளை எண்ணி முடித்த பின்னரே முறிந்துபோன பகுதியைப் பற்றிப் பேசுதல் வரலாற்று மாணவர்க்கு முறையாகும்.